அரண்மனைக்காரன் தெருவும் அராரத் மலையும்

சென்னை ஜார்ஜ் டவுனில் அரண்மனைக்காரன் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. பெயரைக் கேட்டுவிட்டு யாரும் கோட்டை கொத்தளத்தைத் தேடிக்கொண்டு போய்விட வேண்டாம். அங்கே அரண்மனையும் இல்லை. அதற்கு வாரிசு என்று சொல்லிக்கொள்ள ஆளும் இல்லை. இருநூறு முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் அர்மீனிய வியாபாரிகள் குடியிருந்தார்கள். வெள்ளைக்காரன் ‘அர்மீனியன் தெரு’ என்றான். நம்மவர்களுடைய நாக்கு அந்தப் பெயரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் ‘அரண்மனைக்காரன்’ என்று சொல்லி வழக்கை முடித்துவிட்டது.

1772-ல் கட்டிய அவர்களுடைய மாதா கோயில் இன்னும் அங்கே நிற்கிறது. மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் தொங்குகின்றன. முற்றத்தில் நடந்தால் காலடியில் சமாதிக் கற்கள். அவற்றில் நமக்குப் புரியாத எழுத்துக்கள். அந்தக் கோயிலில் பாதிரியாராக இருந்த ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்பவர் 1794-ல் ‘அஸ்தரார்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். அர்மீனிய மொழியில் உலகத்திலேயே முதல் பத்திரிகை அதுதான். சொந்த தேசத்தில் அச்சேறாத பத்திரிகை நம் சென்னைப் பட்டணத்தில் அச்சேறியது. பத்திரிகைகளை நம்பிப் பிழைப்பவன் என்ற முறையில் அந்தத் தெருவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாதிரியாரிடம் ஒரு சொந்தம் தோன்றுவது உண்டு. கோயில் இருக்கிறது, மணி இருக்கிறது. மணியோசையைக் கேட்டு வருவதற்கு அர்மீனியக் குடும்பங்கள் தாம் இல்லை.

நான் சொல்ல வந்தது ஒரு பாட்டைப் பற்றி. என் தமக்கை மகன் ஒருவன் இருக்கிறான். சதா காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பான். ஒரு நாள் அவனுடைய அறையிலிருந்து ஒரு சப்தம் வந்தது. வாசலில் யாரோ தகர ஷீட்டுகளை வண்டியிலிருந்து இறக்குகிறார்கள் என்று எண்ணி எட்டிப் பார்த்தேன். வண்டியைக் காணோம்.

“என்னடா இது சங்கீதம்?” என்றேன்.

“மாமா, ரெண்டு நிமிஷம் பொறுத்துக் கேளுங்க. இதைப் பாடறவங்க யாரு தெரியுமா? உங்க அரண்மனைக்காரங்கதான்!”

பையன் என்னை நன்றாக அறிந்தவன். எந்தத் தூண்டிலில் எந்தப் புழுவைக் கோக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். உட்கார்ந்தேன். அன்று கேட்டதைப் பிறகு பல தடவை கேட்டாயிற்று. அதனால் விளைந்தது இந்தக் கட்டுரை.

பாட்டின் பெயர் ‘ஹோலி மௌண்டன்ஸ்’. புனித மலைகள் என்று பொருள். பாடுகிற கோஷ்டியின் பெயர் ‘சிஸ்டம் ஆஃப் எ டௌன்’. 2005-ம் வருஷம் நவம்பரில் வெளியான ‘ஹிப்னோடைஸ்’ என்ற இசைத்தட்டில் இருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும். இந்த ரகத்துக்கு ‘ஆல்டர்நேட்டிவ் மெட்டல்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

மெட்டல் என்றால் உலோகம். நான் தகர ஷீட்டை நினைத்துக்கொண்டது அவ்வளவு தவறு அல்ல. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்பது இரும்புப் பட்டறைகளின் ஊர். அங்கே தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் வேலை பார்த்தான். 1965-ல் யந்திரம் அவனுடைய வலது கையில் இரண்டு விரல்களின் நுனியைக் கொய்துவிட்டது. இடது கைப் பழக்கம் உள்ள அவனுக்குக் கிதாரின் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பையன் கிதாரை விடவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து போட்டுக்கொண்டான். அழுத்தினால் வலிக்காதபடி மெல்லிய தந்திகளைப் பூட்டினான். பிற்பாடு சுருதியையே இறக்கித் தந்தியைத் தளர்த்திவிட்டான். ‘பிளாக் ஸாபத்’ என்ற அவனுடைய கோஷ்டி 1970-ல் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது, பாதாளத்திலிருந்து எழுவதுபோன்ற ஒரு நாதம் உலகத்துக்குக் கிடைத்தது. வெட்டுப்பட்ட விரலுக்கு இதமாக இருக்கட்டும் என்று செய்த காரியம் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. அந்த மந்தர ஸ்தாயி உறுமல்தான் இன்றுவரை மெட்டலின் ஆதாரம்.

பேய், பிசாசு, மண்டை ஓடு என்று பாடிக்கொண்டிருந்த அந்தச் சம்பிரதாயத்தில், 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் சில பேர் நாட்டுப் பாட்டு, நையாண்டி, அரசியல் எல்லாவற்றையும் கொண்டுவந்து கலந்தார்கள். அந்தக் கலப்பைத்தான் ஆல்டர்நேட்டிவ் என்கிறார்கள். இதற்கு மேல் இலக்கணம் வேண்டாம். பாட்டு என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம்.

இந்தப் பாட்டு, தயங்கித் தயங்கி மீட்டும் தந்தியோடு தொடங்குகிறது. குரலும் அடங்கியே வருகிறது. துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் பக்கத்திலிருப்பவனிடம் பேசுவதுபோல. கொஞ்சங் கொஞ்சமாகப் பின்னணி கனக்கிறது. திடீரென்று கிதார்களும் முரசும் ஒரு மதில் சரிவதுபோல் விழுகின்றன. அதுவரை பேசிக்கொண்டிருந்தவன் அலறுகிறான். கொன்றவனை நேருக்கு நேர் நிறுத்தி, ஒற்றைச் சொல் ஒற்றைச் சொல்லாக வைகிறான். பிறகு மறுபடியும் அடங்கிவிடுகிறான். அமைதி, அலறல், அமைதி.

முதல் தடவை கேட்டபோது எனக்கு அலறல்தான் காதில் நின்றது. மூன்றாம் தடவைதான் அந்த இரைச்சலுக்குள்ளே ஒரு மெட்டு இருக்கிறது என்று தெரிந்தது. பிரதான பாடகரான செர்ஜ் தாங்கியனின் கனத்த குரலுக்கு மேலே, கிதார் வாசிக்கும் தாரோன் மலாக்கியனின் மெல்லிய குரல் தொட்டும் தொடாமலும் கூடவே போகிறது. இழுத்து இழுத்து இறங்கும் அந்த மெட்டு ராக் சங்கீதத்தைச் சேர்ந்தது அல்ல. கோயிலிலும் இழவு வீட்டிலும் கேட்கிற மெட்டு. நம் ஊர்ப் பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது பார்த்திருக்கிறீர்களா? செத்தவனுக்காக அழுது கொண்டிருப்பார்கள். அதே மூச்சில் அந்தச் சாவுக்குக் காரணமானவனை வைது தீர்ப்பார்கள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி அழுவார்கள். அதில் முரண்பாடு எதையும் நாம் காண்பதில்லையே!

சரி, யாருடைய சாவு? பாட்டில் அதற்குப் பதில் இல்லை. வருஷம் கிடையாது, தேசத்தின் பெயர் கிடையாது, எத்தனை பேர் என்ற கணக்கும் கிடையாது. ஒரே ஒரு நதியின் பெயர் மட்டும் வருகிறது: ஆரஸ்.

ஆரஸ் நதியை வரைபடத்தில் பாருங்கள். அது இன்று துருக்கிக்கும் அர்மீனியாவுக்கும் நடுவே எல்லைக் கோடாக ஓடுகிறது. அக்கரையில், துருக்கியின் பக்கத்தில், 5,137 மீட்டர் உயரத்துக்குப் பனி மூடிய அராரத் மலை எழும்பி நிற்கிறது. பெரிய சிகரம் ஒன்று, சின்னச் சிகரம் ஒன்று. அர்மீனியர்களுக்கு அது கைலாசம் மாதிரி. நோவாவின் கப்பல் தங்கிய இடம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. தலைநகரான எரெவானிலிருந்து பார்த்தால் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு தெரிகிறது. கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் 1921-ல் ஏற்பட்ட கார்ஸ் உடன்படிக்கைக்குப் பிறகு அது வேறு தேசத்து மலை. சோவியத் அர்மீனியாவின் முத்திரையில் அராரத்தைப் பொறித்தபோது, தங்களுடைய மலையை இவர்கள் எப்படிப் போடலாம் என்று துருக்கி ஆட்சேபித்ததாகவும், “உங்கள் கொடியில் சந்திரனைப் போட்டிருக்கிறீர்களே, சந்திரன் உங்களுடையதோ?” என்று பதில் போனதாகவும் ஒரு கதை சொல்வதுண்டு. நடந்ததோ இல்லையோ, கதை நன்றாக இருக்கிறது.

தந்தையை இழந்து, பறம்பு மலையையும் இழந்து, வென்றவர் கையில் இருக்கும் குன்றைத் தூரத்திலிருந்து பார்த்த பாரி மகளிரை நாம் அறிவோம். அர்மீனியாவில் ஒரு ஜனமே அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

1915-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி இரவு, ஆட்டோமான் சாம்ராஜ்யத்தின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில், இருநூறுக்கு மேற்பட்ட அர்மீனியப் பிரமுகர்களைப் போலீசார் வீடு வீடாகச் சென்று கைது செய்தார்கள். கவிகள், பத்திரிகாசிரியர்கள், வைத்தியர்கள், பாதிரிமார்கள். உள்நாட்டு மந்திரி தலாத் பாஷாவின் உத்தரவு. அதன்பின் கிழக்கு மாகாணங்களில் ஊர் ஊராக ஆண்களைத் தனியே பிரித்துக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் சிரியாவின் பாலைவனத்தை நோக்கி நடத்தினார்கள். அந்த நடை முடிகிற இடம் என்று ஒன்று இருக்கவில்லை. நடக்க வைப்பதே நோக்கம். மாண்டவர்கள் ஆறு லட்சம் முதல் பதினைந்து லட்சம் வரை என்று பலவிதமாகக் கணக்கிடுகிறார்கள். பத்து லட்சத்துக்குக் குறையாது என்பது பெரும்பாலான சரித்திர ஆசிரியர்களின் முடிவு. வான் பிரதேசத்திலிருந்து ஓடிய அகதிகள் வடக்கே சென்று ருஷ்யாவின் எல்லைக்குள் புகுந்து ஆரஸ் நதியைக் கடந்தார்கள். அந்த நதிதான் இந்தப் பாட்டில் வருகிற நதி.

அன்றிரவு கைதானவர்களில் கொமிடாஸ் என்ற பாதிரியார் ஒருவர். இவரை நான் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பாட்டின் வேர் இவரிடம் இருக்கிறது.

1869-ல் பிறந்தவர், சிறு வயதிலேயே அநாதை. அவருடைய ஊரில் அர்மீனியர்களும் துருக்கி மொழிதான் பேசினார்கள். 1881-ல் எட்ச்மியாட்சின் மடத்துப் பள்ளியில் கொண்டுபோய் விட்டபோது பிள்ளைக்கு அர்மீனியப் பேச்சு வராது. பாட மட்டும் வரும். அந்தப் பாட்டுக்காகவே சேர்த்துக்கொண்டார்கள். வளர்ந்து துறவியானார், பெர்லின் சென்று மேல்நாட்டுச் சங்கீதம் கற்றார். திரும்பி வந்து கிராமம் கிராமமாக நடந்தார். ஏர் உழுகிறவன் பாடுவதையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான பாட்டுகள்! அவற்றில் ஆயிரத்துச் சொச்சந்தான் இன்று மிஞ்சியிருக்கின்றன. அவர் எழுதி வைத்திராவிட்டால் அதுவும் இல்லை. பாடிய கிராமங்களே இல்லாமற் போய்விட்டனவே!

கைதியாக அனடோலியாவின் உள்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டவர் சில வாரங்களில் விடுதலையானார். அவருக்காகப் பரிந்து பேசியவர்களில் துருக்கிக் கவி மெஹ்மெத் எமின் ஒருவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் திரும்பி வந்தது பழைய கொமிடாஸ் அல்ல. புத்தி பேதலித்துவிட்டது. 1919-ல் பாரிஸுக்கு அழைத்துச் சென்றார்கள். மனநோய் ஆஸ்பத்திரியில் வருஷக் கணக்காகக் கிடந்து, 1935 அக்டோபரில் இறந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வருஷங்களில் அவர் பாட்டு இயற்றவில்லை. ஒரு ஜனத்தின் பாட்டையெல்லாம் நெஞ்சில் சேர்த்து வைத்திருந்த மனிதர் வாயடைத்துப் போனார்.

பாட்டன்மார் பேசவில்லை, பேசிய சிலருடைய பேச்சை உலகம் கேட்கவில்லை. பேரன்மார் அலறுகிறார்கள். இந்தச் சங்கீதத்தின் சப்தத்துக்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். இதைப் புரிந்துகொண்ட பிறகு, சப்தத்தைக் குறைக்கும்படி என் மருமானிடம் நான் சொல்வதில்லை. (கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்வதுண்டு.)

நான்கு பேருடைய ஜாதகத்தையும் பார்த்தால் சிதறிய குடும்பங்களின் சரித்திரம் தெரியும். தாங்கியன் 1967-ல் பெய்ரூத்தில் பிறந்தவர். முரசு வாசிக்கும் ஜான் டோல்மாயனும் பெய்ரூத்தில் பிறந்தவர்தான். ஷாவோ ஒடாஜியன் எரெவானில் பிறந்தவர். மலாக்கியனின் பெற்றோர் இராக்கிலிருந்து வந்தவர்கள்; அவர் பிறந்தது ஹாலிவுட்டில். கோஷ்டி 1994-ல் கலிபோர்னியாவில் உருவாயிற்று. தாங்கியன் அதற்கு முன்னால் நகை வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் புரோகிராம் செய்து விற்றுக்கொண்டிருந்தாராம். அந்தத் தொழிலில் இருந்தால் இப்படித்தான் ஒரு நாள் அலறத் தோன்றும் என்று என் சிநேகிதரான ஒரு கணக்கப்பிள்ளை சொல்கிறார்.

1998-ல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டின் கடைசிப் பாட்டு, மாண்டவர்களின் நினைவுக்கு அர்ப்பணமானது. அதைக் கேட்டேன். அது வக்கீல் நோட்டீஸ். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே ஆவேசம். குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிறது, நஷ்ட ஈடு கேட்கிறது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் கோர்ட்டு வாசலில் நின்று கேட்கிறது. ஏழு வருஷம் கழித்து வந்த ‘ஹோலி மௌண்டன்ஸ்’ மயானத்தில் நின்று கேட்கிறது. இறந்தவர்கள் மலைச் சாரலுக்குத் திரும்பி வந்து இளைப்பாறுகிறார்கள் என்று அதில் ஓர் எண்ணம் வருகிறது. உடம்பு கிடைக்காத சாவுக்குக் கருமாதி செய்வது எப்படி? சமாதி இல்லை, தேதி இல்லை. மலையையே சமாதிக் கல்லாக வைத்துக்கொள்கிறார்கள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இரண்டாவது பாட்டுத்தான் உயர்ந்ததாகத் தோன்றுகிறது. என் மருமான் இதை ஒப்புக்கொள்வதில்லை. நோட்டீஸ் கொடுக்காமல் கருமாதி மட்டும் செய்தால் கொன்றவனுக்குச் சௌகரியந்தானே என்கிறான். அவன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

ஏனென்றால் இந்தச் சாவுகளில் ஒரு விசித்திரம் உண்டு. இவை நேர்ந்ததே சர்ச்சைக்குரிய விஷயமாக வைக்கப்பட்டிருக்கிறது. போர்க்காலத்தில் எல்லாத் தரப்பிலும் சாவு உண்டு, இதை இனப்படுகொலை என்று சொல்லக்கூடாது என்பது துருக்கி சர்க்காரின் கட்சி. அந்தச் சொல்லை 1944-ல் ஆக்கியவர் ராபேல் லெம்கின் என்ற போலந்து தேசத்து யூத வக்கீல். 1921-ல் பெர்லின் வீதியில் தலாத் பாஷாவை ஓர் அர்மீனிய இளைஞன் சுட்டுக் கொன்றான். அந்த வழக்கைப் படித்தபோது மாணவராக இருந்த லெம்கினுக்கு ஒரு சந்தேகம் வந்தது: ஒருவனைக் கொன்றவனுக்குச் சட்டம் இருக்கிறது, லட்சக் கணக்கானவரைக் கொன்றவனுக்கு ஏன் இல்லை? அர்மீனியர்களை நினைத்துத் தேட ஆரம்பித்த சொல்லை, அர்மீனியர்களுக்குப் பொருத்தக்கூடாது என்று தடுக்கிறார்கள்!

இந்தப் பாட்டு வந்த அதே 2005-ல், துருக்கியின் பெரிய நாவலாசிரியர் ஒர்ஹான் பாமுக் மீது, இந்தக் கொலைகளைப் பற்றி ஒரு பேட்டியில் வாயைத் திறந்த குற்றத்துக்காக வழக்குத் தொடர்ந்தார்கள். 2006 ஜனவரியில் வழக்குக் கைவிடப்பட்டது. அந்த வருஷமே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இஸ்தான்புல்லில் அர்மீனியப் பத்திரிகை நடத்திய ஹ்ராந்த் தின்க் அவ்வளவு அதிர்ஷ்டசாலி அல்ல. 2007 ஜனவரி 19-ந் தேதி தம் பத்திரிகைக் காரியாலயத்தின் வாசலிலேயே சுடப்பட்டு விழுந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் துருக்கியர்கள் ஆயிரம் ஆயிரமாக நடந்தார்கள். நாங்கள் எல்லோரும் அர்மீனியரே என்ற அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பாட்டில் வருகிற வசவு யாருக்கு, யாருக்கு அல்ல என்பதை அந்த ஊர்வலத்தை நினைத்துக்கொண்டு கேட்டால் சரியாகப் புரியும்.

2006-ல் கார்லா கராபெதியன் என்ற அம்மாள் ‘ஸ்க்ரீமர்ஸ்’ என்று இந்தக் கோஷ்டியைப் பற்றி ஒரு படம் எடுத்தார். பெயரே ‘அலறுகிறவர்கள்’! அதில் தாங்கியனின் பாட்டனார் வருகிறார். தொண்ணூறு வயதைத் தாண்டியவர், 1915-ல் சிறு பிள்ளை, தப்பிப் பிழைத்தவர். மேடையில் ஆயிரக்கணக்கானவர்களைக் குதிக்க வைக்கிற பேரன், கிழவருக்குப் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். பாட்டின் அமைதியான பகுதி எங்கிருந்து வந்தது என்பதை அங்கே கண்டுகொள்ளலாம்.

அமெரிக்காவில் பிரதிநிதி சபையும் செனட் சபையும் 2019-ல் அந்தச் சொல்லை ஏற்றுத் தீர்மானம் போட்டன. 2021 ஏப்ரல் 24-ல் ஜனாதிபதி பைடனும் உச்சரித்தார். 2020-ல் கராபாக் யுத்தம் மூண்டபோது, பதினைந்து வருஷம் புதுப் பாட்டு எதுவும் போடாமல் தங்களுக்குள் பிணங்கிக் கிடந்த நால்வரும் பிணக்கை ஒதுக்கிவிட்டு இரண்டு பாட்டுகளைப் போட்டார்கள். வசூலை அங்குள்ளவர்களுக்குக் கொடுத்தார்கள். யுத்தம் தோல்வியில் முடிந்தது. 2023 செப்டம்பரில் லட்சம் பேர் ஒரே வாரத்தில் கராபாக்கை விட்டு, கார்களிலும் லாரிகளிலும் மூட்டை முடிச்சுகளோடு மலைப் பாதையில் இறங்கி வந்தார்கள். அந்தப் படங்களைப் பத்திரிகையில் பார்த்தபோது, வருஷத்தைச் சொல்லாத இந்தப் பாட்டு என் காதில் ஒலித்தது.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது வேறு ஒரு நாளை. 2015 ஏப்ரல் 23-ந் தேதி. நூறாவது வருஷத்துக்கு முதல் நாள் ராத்திரி. எரெவான் நகரத்தின் குடியரசுச் சதுக்கத்தில் மேடை. நால்வரும் சேர்ந்து அர்மீனிய மண்ணில் பாடியது அதுவே முதல் தடவை. டிக்கெட் கிடையாது. சிறுவர்களும் வாலிபர்களும், இந்தச் சங்கீதத்தை என்னைப் போலவே தகர ஷீட் என்று நினைத்திருக்கக் கூடிய பெரியவர்களும் வந்து நின்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் கலைந்து போகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாடினார்கள். சதுக்கம் முழுவதும் கூடவே பாடிற்று. இருட்டிலும் மழையிலும் அராரத் மலை தெரியவில்லை. அதே ஊரில், 1936-ல் பாரிஸிலிருந்து கொண்டுவந்து அடக்கம் செய்த கொமிடாஸின் சமாதியும் நனைந்துகொண்டிருந்தது.